சிதறியது மீளாமை

அடுப்பினின்றும் இறக்கிய பால் சிறிது போழ்தில் ஆறிவிடுகின்றது. அதன்கண் இருந்த வெப்பம் அழிந்ததோ எனின், அழிந்திலது; அறைக்காற்றிற் பரந்தது. அளவிற் சிறிதுங் குறையாத அவ்வெப்பம் மீண்டுந் திரண்டு தானே வந்து பாலைக் கொதிப்பித்தலை யாண்டுங் கண்டிலம். ஒன்றுங் குறையாதிருப்பவும் மீளாமை என்னை? இவ்வினாவை ஆராய்ந்த செருமானிய அறிஞர் கிளாசியஸ், இம்மீளாமையை அளக்கும் அளவைக்கு 1865-இல் ‘எண்ட்ரோபி’ எனப் பெயரிட்டார். மாற்றம் என்னும் பொருள்படுங் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது அது.

அதன் உட்பொருளை 1877-இல் எண்ணிக்கையால் விளக்கியவர் வியன்னாவிற் பிறந்த போல்ட்ஸ்மான். பத்துக் காசுகளை ஒருங்கே சுண்டுக. அவை விழத்தகும் வகை 1024. எல்லாந் தலையாக விழுதல் ஒரே வகை. ஐந்து தலையும் ஐந்து பூவுமாக விழுதலோ 252 வகை. காசு நூறாயின், வகைகளின் தொகை 31 இலக்கங்களால் எழுதப்படும். எல்லாந் தலையாதல் அப்பொழுதும் ஒன்றே. பதினெட்டுக் கிராம் நீரிலுள்ள மூலக்கூறுகளை எண்ணுதற்கே 24 இலக்கங்கள் வேண்டுமெனின், அவை அமையத்தகும் வகைகளை எழுத ஏடும் எழுத்தாணியும் போதா. வெப்பம் ஒருபாற் குவிந்திருத்தற்குரிய வகைகள், பரந்திருத்தற்குரியவற்றை நோக்க மிகச் சில. அவ்வகைத்தொகையின் மிகுதியே எண்ட்ரோபியின் மிகுதி என்க.

அற்றேல், வித்து மரமாதல் ஒழுங்கு பெருகுதலன்றோ எனின், மரம் ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு வெப்பத்தைப் புறத்தே விடுகின்றது. அகத்தே குறைந்ததினும் புறத்தே பெருகியது மிகுதி. ஆகலின், எம்போலும் முதியோர், ‘காலங் கெட்டது, இயற்கைநூலும் அதனையே கூறுகின்றது’ என்று இளைஞரைக் கடிதல் பொருந்தாது. கெடுக என்னும் ஆணை ஈண்டு இல்லை. எண்ணின் மிகுதியே உள்ளது.

இனி, 1876-இல் லோஷ்மிட் என்பார் எழுப்பிய தடை வலியது. ஒவ்வொரு மூலக்கூறின் இயக்கத்தையும் அப்படியே திருப்பிவிடின் பால் மீளக் கொதிக்கும். இயக்கவிதிகள் அதனை விலக்கா. விதிகள் முன்னும் பின்னும் ஒத்திருப்ப, மீளாமை யாங்ஙனந் தோன்றிற்று? விலக்கின்றாயினும் அரிதினும் அரிது என்பது விடை. அவ்விடை எதிர்காலத்திற்கு அமையும், இறந்தகாலத்திற்கு அமையாது. அக்கணக்கையே பின்னோக்கிச் செலுத்தின், இளஞ்சூடான இப்பால் இதற்கு முன்னும் ஆறியே இருந்தது என முடியும். அது பொய், அடுப்பை யாம் கண்டோம்.

ஆதலின் உலகம் மிகக் குறைந்த எண்ட்ரோபியோடு தொடங்கிற்று எனக் கொள்ளவேண்டியதாயிற்று. இக்கால வானநூலாருட் பலரும் அங்ஙனமே கொள்வர். அடுப்பிற்கு விறகும், விறகிற்கு ஞாயிறும், ஞாயிற்றிற்கு அதற்கு முற்பட்ட வாயுத்திரளும் என ஏறிச் செல்லச் செல்ல, தொடக்கம் அங்ஙனம் அமைந்தது ஏன் என்னும் வினா நிற்கின்றது. எண்ணிக்கை அதற்கு விடை கூறவில்லை.