கனிமமும் குடிகளின் சம்மதமும்

மதுரை மாவட்டத்து மேலூர் வட்டத்திலே டங்ஸ்டன் தோண்டுவதற்கென ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் நிலத்தை 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் ஏலத்தில் விட்டதும், பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமென்று 2022ஆம் ஆண்டிலேயே மாநில அரசு அறிவித்திருந்த அரிட்டாபட்டியின் ஒரு பகுதி அந்த எல்லைக்குள் அகப்பட்டதும், ஊர்மக்கள் திரண்டெழுந்ததும், சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியதும், 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானதும் தமிழர் யாவரும் அறிந்த செய்திகளே. அம்முடிவினால் விளைந்த மனநிம்மதி அதிக நாள் நிலைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அணுக்கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு வேண்டியதில்லையென்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்துவிட்டது. தேசத்தின் தேவை எத்துணைப் பெரிதாயினும், குடியிருப்போரைக் கேளாமல் அவர்கள் நிலத்தைத் தோண்டுவது அதர்மமே.

தேவை மெய்தான். உலகின் டங்ஸ்டனில் பெரும்பங்கு சீனாவினுடையது. அந்நாடு 2025இல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது பல தேசங்கள் கலங்கின. மின்கலத்துக்கு வேண்டிய லித்தியத்தையும் கோபால்ட்டையும் நாம் அயல்நாடுகளிலிருந்தே பெறுகிறோம். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவசரம் ஒருபோதும் நியாயத்தின் ஸ்தானத்தை அடைந்துவிடாது.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது யாது? ஊருக்கருகே ஒரு மண்டபத்திலோ பந்தலிலோ மாவட்ட ஆட்சியர் தலைமை வகித்து அமர, கம்பெனியார் தம் திட்டத்தை விளக்க, வயலிலிருந்து நேரே வந்த கிழவி ஒருத்தி ஒலிபெருக்கியைப் பற்றிக்கொண்டு, தன் கிணற்று ஊற்று என்னவாகுமென்று கேட்க, அக்கேள்வி அரசாங்கக் குறிப்பில் எழுத்தாக ஏறும் இடம் அது. 2006ஆம் ஆண்டின் அறிவிக்கை வகுத்த அந்நடைமுறையிலே குறைகள் மலிந்திருக்கலாம். எனினும் எழுத்தறியாத ஒரு குடிமகளின் வினா ராஜ்யத்தின் கோப்பினுள் நுழைவதற்கு இருந்த வாயில் அதுவே. அதைத்தான் இன்று அடைத்திருக்கிறார்கள்.

அரிட்டாபட்டியையே நோக்குவோம். 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாய், பாறையில் பிராமி எழுத்து, சமணர் படுக்கை, குடைவரைக் கோயில், லகர் வல்லூறு, எறும்புதின்னி எனப் பெருகிய இச்செல்வம், பூமியின் அடியில் என்ன கிடக்கிறதென்று மட்டுமே காட்டும் வரைபடத்தில் எங்கே தெரியும்? குன்றில் விழும் மழை எவ்வோடை வழியே எக்கண்மாயைச் சேருமென்பது அங்கே உழுபவனுக்கன்றோ தெரியும்? நீரையும் மலையையும் நாட்டின் உறுப்புகளாக எண்ணிய வள்ளுவர், இடித்துரைப்பாரை இல்லாத மன்னன் பகைவரின்றியே கெடுவான் என்றும் எச்சரித்தார். இடித்துரைக்க வருவோரையே வரவேண்டாமென்று ஆணையிடுவதைக் கண்டால் அவர் என் சொல்வாரோ! யானை தானே வயலில் புகுந்தால் அது உண்பதைவிட அதன் காலடியில் அழிவது மிகுதியென்று பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் உரைத்த உவமை, கொள்ளும் முறையறியாத எவ்வரசுக்கும் பொருந்தும். விசாரியாமல் தீர்ப்பளித்த அதே மதுரையின் நெடுஞ்செழியன் தன் பிழையை உணர்ந்த கணத்திலேயே அரியணையில் உயிர் துறந்தான் என்கிறது சிலப்பதிகாரம். கேட்டறியாத தீர்ப்பை இத்தனை கடுமையாகக் கண்டித்த இலக்கியத்துக்கு வாரிசுகளான நாம் வாளாவிருத்தல் தகுமோ?

கேட்டால் மக்கள் மறுத்துவிடுவார்கள் என்பதே அதிகாரிகளின் அச்சமெனில், மறுப்பின் காரணத்தை ஆராய்வதே அவர்கள் கடமை. பழுதான பேட்டரிகளிலிருந்தும் கழித்த மின்கருவிகளிலிருந்தும் உலோகத்தை மீட்கும் வழியை முதலில் முழுதாகப் பயன்படுத்தட்டும்; அதன்பின்னும் தோண்டியே தீரவேண்டுமாயின், எவ்வளவு ஆழம், எத்தனை ஆண்டு, குழியை மூடுவது யார், தண்ணீருக்குப் பொறுப்பு யார் என்பவற்றை ஊரார் முன்னிலையில், ஊரார் மொழியில் சொல்லட்டும். அமைச்சகம் அந்த விலக்காணையைத் திரும்பப் பெறவேண்டும். பெறும்வரை நம் சட்டமன்ற, நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.