உயர்த்திய கை



அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவான இன்று, முன் வாங்குகளில் நம் பாடசாலை விளையாட்டு அணிப் பெடியன்கள் இருக்கிறார்கள். வருடத் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி, பிறகு வலய மட்டம், அதில் தேறியவர்களுக்கு மாகாண மட்டம் என்று ஓடியது இந்தப் பருவம். சிலர் கிண்ணத்தோடு வந்திருக்கிறீர்கள். மற்றவர்கள் வெயிலில் கறுத்த முகத்தோடும், கட்டுப்போட்ட கணுக்காலோடும். அணிகளுக்காக ஒரு நன்றித் திருப்பலி வையுங்கள் என்று கேட்டார்கள். மாதாவின் பெருவிழாவில் பந்து விளையாட்டைப் பற்றி என்ன கதை என்று ஒருவர் முணுமுணுத்ததாகவும் கேள்விப்பட்டேன். கதை இருக்கிறது.

இன்று நாம் கொண்டாடுவது உடலின் பெருவிழா. மரியா ஆன்மாவோடும் உடலோடும் விண்ணக மகிமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதை 1950 நவம்பர் 1ஆம் திகதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் விசுவாச உண்மையாக அறிவித்தார். குடம் சுமந்த இடுப்பு, பிள்ளையைத் தூக்கிய தோள், மலைநாட்டுக்கு விரைந்து நடந்த கால், எல்லாம்தான். கடவுள் உடலை அவ்வளவு மதிக்கும்போது, நாம் நம் மகனின் உடலைப் புத்தகப்பை ஏற்றிச் செல்லும் வண்டி என்று எண்ணிக்கொள்கிறோம். சாதாரண தரப் பரீட்சை வருகிறது, இனி மைதானம் வேண்டாம், மாலையில் ரியூஷன். பெற்றோரே, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எல்லோரும் பார்த்திருக்கத் தோற்று, அடுத்த நாள் அதே ஆட்களோடு மறுபடி களத்தில் இறங்கும் பழக்கத்தை எந்த ரியூஷன் வகுப்பு சொல்லிக்கொடுக்கிறது?  

அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆட்டங்களில் ஒன்று கூடைப்பந்து. அதைப் பற்றி மட்டக்களப்பாருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. இறையியல் படித்துவிட்டு உடற்பயிற்சி ஆசிரியராகப் போன ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், குளிருக்குள் அடைபட்டுப் பொறுமையிழந்த மாணவர்களுக்காக உருவாக்கிய ஆட்டம் அது. மண்டபத்து மாடத்தில் பீச் பழக்கூடைகளை ஆணியடித்துப் பொருத்தி, பதின்மூன்று விதிகள் எழுதினார். இடிப்பதும் பிடிப்பதும் தள்ளுவதும் தவறு. அதை இரண்டாம் முறை செய்பவன் வெளியே போகவேண்டும். ஆனால் அடுத்த கூடை விழும்வரைதான். வேண்டுமென்றே காயப்படுத்தினால் மட்டுமே முழு ஆட்டத்துக்கும் வெளியே. தண்டனைக்கும் ஒரு எல்லை வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

புளியந்தீவில் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியில் இந்த ஆட்டத்தை வளர்த்தவர்களில் ஒருவர், அமெரிக்க இயேசு சபைக் குருவான யூஜின் ஹெபேர்ட் அடிகளார். லூசியானாவில் 1923இல் பிறந்து, 1948இல் இலங்கைக்கு வந்தவர். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் இங்கே மிக்கேலிலும் பெடியன்களைப் பழக்கி, தலைநகரப் பாடசாலைகளின் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க வைத்தார்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர் யாராவது இங்கே இருந்தால் ஒரு வழக்கம் நினைவிருக்கும். நடுவர் விசில் ஊதி 'பவுல்' என்று காட்டினால், தவறு செய்தவன் கையை நேராக மேலே தூக்கவேண்டும். புள்ளி எழுதுகிற மேசைக்கு அவனைத் தெரியவேண்டும். நடுவரோடு வாதாடுவதோ, பக்கத்தில் நிற்பவனைக் காட்டுவதோ இல்லை. வியர்வை வழிகிற அந்தக் கை உயரும், மேசையில் ஒரு கோடு விழும், ஆட்டம் தொடரும். ஐந்தாவது கோட்டில்தான் வெளியே போகவேண்டும். அதுவரை தவறியவனும் அணியில் ஒருவன்தான்.

இதையேதான் நாமும் திருப்பலித் தொடக்கத்தில் செய்கிறோம். மார்பில் தட்டி, என் பாவம் என்று சொல்கிறோம். வாயால் சொல்வது எளிது, வருடக்கணக்காகச் சொல்லியும் வருகிறோம். பதினைந்து வயதுப் பெடியன் ஒருவன், கூச்சலிடும் கூட்டத்தின் நடுவில், தன் இல்லத்தார் எல்லோரும் பார்த்திருக்க, கையைத் தூக்குவது அதைவிடக் கடினம்.

ஹெபேர்ட் அடிகளார் பிறகு இந்த ஊரில் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கும் பணியைப் பார்த்தார். மிக்கேல் கல்லூரியின் அதிபராக இருந்த ஹரி மில்லர் அடிகளாரோடு சமாதானக் குழுவிலும் இருந்தார். காணாமற்போன பிள்ளையைத் தேடி அலைந்த தாய்மார் வந்து சொல்ல, இவர்கள் எழுதிக்கொண்டார்கள். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, இதே பெருவிழா நாளில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஹெபேர்ட் அடிகளார் காணாமற்போனார். கூடச் சென்ற தமிழ் இளைஞரும் காணாமற்போனார். போர் மூண்டிருந்த அந்த நாட்களில் அந்தப் பாதையில் யாரும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. எலிசபெத்தின் வீட்டுக்குப் போன மரியா மூன்று மாதம் கழித்து வீடு திரும்பினார் என்று இன்றைய நற்செய்தி முடிகிறது. அடிகளார் திரும்பவில்லை. பிறர் சொல்லக் கேட்டு எழுதிய காணாமற்போனோர் பட்டியலைச் சுமந்தவரே அந்தப் பட்டியலில் ஒரு பெயரானார். மில்லர் பாதர் 2019 புத்தாண்டு நாளில் இறக்கும்வரை தன் தோழருக்கு என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்தத் தவறுக்கு இன்றுவரை ஒரு கையும் உயரவில்லை.

அதே வருடம், அதே கோடையில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆகஸ்ட் 3இல் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 12இல் ஏறாவூரிலும் படுகொலை. செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் படுகொலை. மட்டக்களப்பு வாவியைச் சுற்றி முப்பது கிலோமீற்றருக்குள் இவ்வளவும் நடந்தன. ஒவ்வொரு ஊருக்கும் தன் நாள் மனப்பாடம். பக்கத்து ஊரின் நாளை எத்தனை பேர் சொல்வோம்? மற்றவன் செய்த பவுல்களை எண்ணிவைக்க எல்லோரிடமும் ஒரு மேசை இருக்கிறது.

நான் நீதிமன்றம் அல்ல. யார் செய்தார்கள் என்று இந்தப் பீடத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் மரியாவின் பாடலை இன்று கேட்டீர்கள். வலியவரை இறக்கித் தாழ்ந்தவரை உயர்த்தும் கடவுளைப் பாடுகிறார் அவர். அது தாலாட்டு அல்ல. காணாமற்போன மகனின் படத்தைக் கையில் ஏந்தி இன்றும் வீதியில் நிற்கிற நம் அம்மாமாருக்கு அது நன்றாகவே விளங்கும். முதல் வாசகத்திலும் பெண்ணின் குழந்தையை விழுங்கக் காத்து நிற்கும் அரக்கப்பாம்பைக் கண்டோம். அதோடு மிக்கேல் தூதர் பொருதும் வசனங்கள் இன்றைய வாசகத்தில் விடுபட்டிருக்கின்றன. மிக்கேல் பெடியன்கள் வீட்டில் எடுத்து வாசியுங்கள்.

தம்பிமாரே, கிண்ணம் கிடைத்தவர்களுக்கு வாழ்த்துக்கள். மாகாண மட்டத்தில் தோற்றுத் திரும்பியவர்களுக்கும், வருடம் முழுக்க மாற்று ஆட்டக்காரர் வாங்கிலேயே இருந்துவிட்டுப் பந்து பொறுக்கிக் கொடுத்தவர்களுக்கும் என் வணக்கம். இன்று மாலை பயிற்சி இருக்கிறது என்று பயிற்றுவிப்பாளர் சொன்னார், பெருவிழா என்றும் பாராமல். போங்கள். ஆனால் ஒன்று செய்து பாருங்கள். விசில் கேட்டு, தவறு உங்களுடையது என்று தெரிந்தால், பழைய வழக்கப்படி கையைத் தூக்குங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், இப்போது அப்படி யாரும் எதிர்பார்ப்பதில்லை. கூட்டாளிகள் சிரிப்பார்கள், ஒரு கிழமை சிரிக்கட்டும். பெற்றோர் பார்க்க வந்திருந்தால், அவர்களும் பார்க்கட்டும்.

இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம். அதன்பின் மன்றாட்டில் ஹெபேர்ட் அடிகளாரின் பெயரும், அவரோடு போன இளைஞரின் பெயரும் வாசிக்கப்படும். உங்கள் வீட்டிலிருந்து போய்த் திரும்பாத பெயர் இருந்தால் அதையும் உரத்துச் சொல்லுங்கள். நேரம் எடுத்தாலும் பரவாயில்லை.