கையிலிருக்கும் இலாபம்

வணிகத்தில் ஒருவர் வீழ்ந்துவிட்டால், அவருக்கு விவரம் போதவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வது நமக்கு ஆறுதலாகவும் இருக்கிறது. நம்மை நாம் விவரமுள்ளவர்களாகவே எண்ணுகிறோம் அல்லவா? ஆனால், நன்கு அறிந்திருந்தும் வீழ்ந்தவர்களைப் பற்றி என்ன சொல்வது?

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் தோன்றிய கோடாக் நிறுவனத்தின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. அதன் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன், 1880-இல் ஒளிப்படத்திற்கான கண்ணாடித் தகடுகளைச் செய்து விற்கத் தொடங்கியவர். அத்தொழில் நடந்துகொண்டிருந்தபோதே, தகட்டை விலக்கிச் சுருளுக்கு வழிதேடினார். நூறு படங்கள் எடுக்கத்தக்க சுருளோடு அவருடைய கேமரா 1888-இல் விற்பனைக்கு வந்தது. வல்லுநர்களுக்கே உரியதாயிருந்த கலை, பயிற்சி இல்லாதவர்களின் கைக்கும் எட்டியது.

1975 டிசம்பரில் அதே நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன், பிலிமே வேண்டாத ஒரு கேமராவைச் செய்து முடித்தார். அப்போது அவருக்கு வயது 25. கருவியின் எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. பத்தாயிரம் புள்ளிகளாலான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் பிடித்தன. பதிந்த படத்தைத் தொலைக்காட்சித் திரையில் காணவேண்டும். தம் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க யார்தான் விரும்புவார் என்று மேலாளர்கள் கேட்டதாகச் சாசன் பின்னாளில் கூறியிருக்கிறார். 1978-இல் அக்கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆயினும், அது கடைக்கு வரவில்லை.

அம்மேலாளர்கள் மூடர்கள் அல்லர். கேமராவை ஒருமுறைதான் விற்கலாம். பிலிமையும், அதைக் கழுவும் இரசாயனத்தையும், அச்சிடும் தாளையும் வாழ்நாள் முழுதும் விற்கலாம். 1988-இல் அந்நிறுவனத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 1,45,000 பேர் பணியாற்றினர். இத்தனை குடும்பங்களுக்குச் சோறிடும் தொழிலை நம் கையாலேயே குலைப்பதா என்று அவர்கள் கேட்டிருந்தால், அக்கேள்வியில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். 1991-இல் செய்திப் படப்பிடிப்பாளர்களுக்கென டிஜிட்டல் கேமரா ஒன்றை அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் உண்மையே. ஆனால், புதியதில் காலை வைத்தவர்களால் பழைய இலாபத்திலிருந்து கையை எடுக்க முடியவில்லை. 2012 ஜனவரியில் அந்நிறுவனம் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரி நீதிமன்றத்தின் படியேறியது.

கடனை அடைத்தது யார்? முடிவெடுத்த அறையில் இருந்தவர்கள் மட்டும் அல்லர். தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றிருந்த முதியவர்களுக்கு நிறுவனம் அளித்துவந்த மருத்துவ உதவி 2012-ஆம் ஆண்டின் முடிவோடு நின்றுபோனது. சாசன் செய்த கருவியைப் பற்றி அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை.

ஜப்பானின் ஃபியூஜி நிறுவனத்திற்கும் இதே சோதனை வந்தது. பிலிம் செய்து பெற்ற இரசாயன அறிவை அது மின்னணுத் திரைகளுக்கான படலங்களுக்கும், மருந்துக்கும், அழகுப்பொருளுக்கும் திருப்பிப் பிழைத்தது. அங்கும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆகவே, மாறியவர்கள் எவரையும் நோகவிடவில்லை என்று நாம் வாதிக்க வரவில்லை.

நாம் கேட்பது வேறு. பிறருக்காகக் காத்து நிற்கிறோம் என்று சொல்லும்போது, உண்மையில் யாருக்காகக் காக்கிறோம்? ஊழியருக்காக என்றால், வரவிருக்கும் வெள்ளத்தை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, மேட்டுக்கு வழிகாட்டுவதே அக்கறை. வெள்ளச் செய்தியைப் பெட்டியில் பூட்டிவைப்பது அக்கறையாகாது. அது நம் அமைதியைக் காத்துக்கொள்வதே ஆகும். பிறர் வாழ்வைத் தொடும் அறிவு நம் கைக்கு வந்தால் அதுவும் ஓர் அமானிதமே. அதைப் பதுக்க நமக்கு உரிமையில்லை.

பெரிய நிறுவனத்திற்கு மட்டுமா இது? தகப்பன் தொடங்கிய கடை இனி ஓடாது என்று தெரிந்தும், அதே கல்லாவில் மகனை உட்காரவைக்கும் குடும்பங்கள் இல்லையா? மகனின் நன்மைக்காகவே என்கிறோம். அவனிடம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியிருக்கிறோமா என்பதே கேள்வி.