ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட உண்மை

1948 நவம்பர் 23 தேதியிட்ட ஒரு விற்பனை ஒப்பந்தம். விற்கிறவர்கள், அந்த வருட ஜனவரியில் இறந்துபோன ஆர்வில் ரைட்டின் சொத்துகளை நிர்வகித்தவர்கள். வாங்குவது அமெரிக்க அரசு. பொருள் போய்ச் சேரவேண்டிய இடம் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம். பொருள், 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானம். விலை 1 டாலர்.

அந்த விலையைப் பார்த்துத்தான் உள்ளே போனேன். கண் நின்றது நிபந்தனையில். அதன் சாரம் இதுதான்: 1903 ரைட் விமானத்துக்கு முந்தைய எந்த விமானமும் மனிதனைச் சுமந்துகொண்டு, தன் சொந்த விசையில், கட்டுப்பாட்டோடு பறக்கக்கூடியதாக இருந்தது என்று ஸ்மித்சோனியனோ அதன் வாரிசு நிறுவனங்களோ எழுதக்கூடாது, லேபிள் வைக்கக்கூடாது. மீறினால் விமானம் ரைட் குடும்பத்தாருக்குத் திரும்பிவிடும்.

முதல் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது. வாடகை ஒப்பந்தத்தில் 'சுவரில் ஆணி அடிக்கக்கூடாது' என்று போடுவார்கள் இல்லையா, அதுபோல வரலாற்றில் ஆணி அடிக்கக்கூடாது என்று போட்டிருக்கிறார்கள். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியனின் தேசிய வானூர்தி விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நிபந்தனையும் கூடவே இருக்கிறது.

சிரித்து முடித்தபிறகு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. ரைட் சகோதரர்கள்தான் முதலில் பறந்தார்கள் என்பது, எனக்குத் தெரிந்தவரை, உண்மை. அந்த உண்மையை மட்டும்தான் சொல்லவேண்டும் என்று ஒருவரிடம் எழுதி வாங்கிவிட்டால், அதற்குப்பின் அவர் சொல்வது உண்மையா, நிபந்தனையா?

*

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்லவேண்டும்.

1899 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், ஸ்மித்சோனியனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பறத்தல் பற்றி நீங்கள் வெளியிட்டவை, ஆங்கிலத்தில் அச்சில் வந்த மற்றவை, எல்லாம் வேண்டும் என்று. நான் ஆர்வலன்தான், ஆனால் கிறுக்கன் இல்லை என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தார். நிறுவனம் சில பிரசுரங்களையும் படிக்கவேண்டிய புத்தகங்களின் பட்டியலையும் அனுப்பியது. அந்தக் கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறது.

அப்போது ஸ்மித்சோனியனின் தலைமைச் செயலர் சாமுவேல் லாங்லி. பெரிய வானியல் அறிஞர். 1896இல் ஆள் இல்லாத நீராவி விமான மாதிரிகளை பொடோமாக் ஆற்றின்மேல் பறக்கவிட்டுக் காட்டியவர். அதை நம்பி அமெரிக்கப் போர்த்துறை 50,000 டாலர் கொடுத்தது. ஆள் ஏறும் 'ஏரோட்ரோம்' தயாரானது. 1903 அக்டோபர் 7 அன்று படகுவீட்டின் மேலிருந்து ஏவினார்கள். ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 8 மறுபடி ஏவினார்கள். மறுபடி விழுந்தது. ஓட்டிய சார்லஸ் மேன்லி உயிர் தப்பினார். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், டிசம்பர் 17, கிட்டி ஹாக் அருகே கடற்கரை மணலில் ஆர்வில் 12 விநாடி பறந்தார். 120 அடி. அன்றே நான்காவது முறை வில்பர் 59 விநாடி, 852 அடி. முதல் பறத்தலைப் படம் எடுத்தவர் ஜான் டேனியல்ஸ், பக்கத்தில் இருந்த கடலோர மீட்பு நிலையத்தின் ஆள். ஆர்வில் கேமராவை நிறுத்தி வைத்திருந்தார், டேனியல்ஸ் அமுக்கினார். அந்தக் கண்ணாடி நெகட்டிவ் 1913இல் டேட்டன் வெள்ளத்தில் மூழ்கி, மூலை சிதைந்து, பிழைத்திருக்கிறது.

லாங்லி 1906இல் இறந்தார். அவமானத்தோடு இறந்தார் என்று நிறுவனத்தில் இருந்த நண்பர்கள் நினைத்தார்கள். 1914இல் வாய்ப்பு வந்தது. கிளென் கர்ட்டிஸ் என்ற விமானத் தயாரிப்பாளர், ரைட் குடும்பத்தோடு காப்புரிமை வழக்கில் தோற்றிருந்தவர், பழைய ஏரோட்ரோமை மறுபடி பறக்கவிட்டுப் பார்க்கிறேன் என்றார். ஸ்மித்சோனியன் 2,000 டாலர் கொடுத்தது. அது பறக்க முடிந்த ஒன்று என்று காட்டிவிட்டால் லாங்லியின் பெயரும் மீளும், ரைட் காப்புரிமையின் வீச்சும் குறையும். நியூயார்க் மாநிலத்தின் ஹாமண்ட்ஸ்போர்ட் ஏரியில் அது நீரைவிட்டுச் சில நூறு அடிக்குக் குறைவாகத் தத்தியது. ஆனால் அதற்குமுன் இறக்கையிலும் தாங்குகம்பிகளிலும் உந்தியிலும் பல மாற்றங்கள் செய்திருந்தார்கள். சோதனை முடிந்ததும் மாற்றங்களைக் கழற்றி, 1903இல் இருந்த வடிவத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து, அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

லேபிளில் எழுதியதன் பொருள்: மனிதனைச் சுமந்து தொடர்ந்து பறக்கும் 'திறன் கொண்ட' உலகின் முதல் விமானம்.

பறந்த முதல் விமானம் என்று எழுதவில்லை. திறன் கொண்ட. நீதிமன்றத்தில் நிறுத்தினாலும் தப்பித்துவிடும் சொல். இந்த ஒரு சொல்லை யார் யோசித்தார்களோ, அந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

*

வில்பர் 1912லேயே டைபாய்டில் போய்விட்டார். ஆர்வில் தனி ஆளாகச் சண்டை போட்டார். லேபிளைத் திருத்துங்கள், மாற்றங்களை வெளியிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. 1928இல் தன் விமானத்தைப் பெட்டிகளில் கட்டி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்காவின் முதல் விமானம் இங்கிலாந்தில் இருந்தது. வருபவர்கள் எல்லாம் 'இது ஏன் இங்கே இருக்கு?' என்று கேட்பார்கள் இல்லையா, அந்தக் கேள்விதான் அவருடைய ஆயுதம்.

1942இல் அப்போதைய செயலர் சார்லஸ் அபட் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1903 ஏரோட்ரோம் எப்படி இருந்தது, 1914இல் என்னவாக மாற்றப்பட்டது என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தியாக அச்சிட்டார். நிறுவனத்தின் செயலுக்கு வருத்தமும் தெரிவித்தார். லாங்லியும் இல்லை, 1914 சோதனைக்கு அனுமதித்த செயலர் வால்காட்டும் இல்லை. செத்தவர்கள் செய்ததற்கு உயிரோடிருப்பவர் தலைகுனிந்தார். ஆர்வில் ஏற்றுக்கொண்டார். அவர் மறைந்தபின், 1948 டிசம்பர் 17 அன்று, பறந்து சரியாக 45 ஆண்டுகள் கழித்து, விமானம் ஸ்மித்சோனியனில் ஏறியது. ஒப்பந்தம் அதற்கு மூன்று வாரம் முன்னால் போடப்பட்டது.

இப்போது நிபந்தனையைப் படித்தால் சிரிப்பு வராது. 1914இலிருந்து எண்ணினால் 28 வருடம் பொய் சொன்ன ஒரு நிறுவனம். 'இனிமே சொல்ல மாட்டோம்' என்று அது வாயால் சொன்னால் போதுமா? நம் வீட்டிலேயே ஒருமுறை ஏமாற்றியவரிடம் ரெண்டாவது முறை எழுதித்தானே வாங்குவோம். நிர்வாகிகள் செய்தது அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அதன் விளைவு வேறுவிதமாக வந்தது. குஸ்தாவ் வைட்ஹெட் என்பவர் 1901லேயே கனெக்டிகட்டில் பறந்தார் என்று சொல்லும் ஒரு கூட்டம் உண்டு. 2013இல் அந்த மாநிலம் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. பறப்பதைக் காட்டும் நம்பத்தகுந்த புகைப்படம் ஒன்றுகூட இல்லை, பெரும்பாலான வரலாற்றாளர்கள் ஏற்கவும் இல்லை. ஆனால் வைட்ஹெட் ஆட்களின் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது: அந்த ஒப்பந்தம். 'ஸ்மித்சோனியன் வேற எப்படிச் சொல்லும்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கே!'

கவனித்தீர்களா? உண்மையைக் காக்கப் போட்ட வேலியே உண்மையைச் சந்தேகத்துக்கு உரியதாக்கிவிட்டது. 'இல்லை' என்று சொல்லும் சுதந்திரம் உள்ளவர் 'ஆம்' என்று சொன்னால்தான் அந்த ஆமுக்கு எடை. ஒரு சாட்சியை நீதிமன்றத்தில் நிறுத்தி, இவர் இப்படித்தான் சொல்லவேண்டும் என்று முன்பே பத்திரம் எழுதியிருக்கிறோம் என்று சொன்னால், அவர் சொல்வது முழுக்க நடந்ததாகவே இருந்தாலும், நீதிபதி அவரை இறங்கச் சொல்லிவிடுவார்.

அந்த அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த வரலாற்றாளர் டாம் கிரவுச் இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார். வலுவான ஆதாரம் வந்தால், விமானத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று அதை ஒப்புக்கொள்ளும் துணிச்சலும் நேர்மையும் எங்களுக்கு இருக்கும் என்று நம்புகிறேன், என்ற பொருளில். 'இருக்கும்' என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. 'நம்புகிறேன்' என்கிறார். இந்த விவகாரம் முழுவதிலும் என்னை அதிகம் நம்பவைத்தது இந்தச் சொல்தான்.

*

நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். நம் வாட்ஸப்பில் வருவது வேறு வகை. 1895இல் மும்பை சௌபாத்தி கடற்கரையில் சிவகர் பாபுஜி தல்படே விமானம் விட்டார், வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான். புஷ்பக விமானம். 'வைமானிக சாஸ்திரம்'. 1974இலேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அந்த நூலை வரிவரியாகப் பார்த்து, அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, அதில் உள்ளவை பறக்காது என்று எழுதிவிட்டார்கள். ஆனாலும் 2015இல் மும்பை அறிவியல் மாநாட்டில் பழைய விமானங்களைப் பற்றி உரை நிகழ்த்தப்பட்டது.

இங்கே நான் நம் ஆட்களைக் கேலி செய்ய வரவில்லை. லாங்லியின் நண்பர்களுக்கும் இவர்களுக்கும் இருந்த ஆசை ஒன்றுதான்: நம்மவர் முதலாவதாக இருக்கவேண்டும். வித்தியாசம் இடத்தில் இருக்கிறது. ஸ்மித்சோனியன் பொய் சொன்ன காலத்திலும் காகிதங்களைக் கிழித்துப் போடவில்லை. லாங்லியின் குறிப்புகள், 1903, 1914 புகைப்படங்கள், கடிதப் போக்குவரத்து எல்லாம் பெட்டிகளில் இருந்தன. அதனால்தான் 1942இல் ஒருவர் இரண்டு பத்தியாக அச்சிட முடிந்தது. கூடத்தில் லேபிள் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் அறையில் பெட்டி வேறொன்றைச் சொல்லக் காத்திருந்தது.

ஆவணக்காப்பகம் என்பதன் அறம் இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தனக்கு எதிரான சாட்சியைத் தன் செலவில், தன் கூரைக்குக் கீழே, கரையான் அரிக்காமல் வைத்திருப்பது. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது. பொய் சொல்லாதே என்பதைவிட இது சின்னக் கட்டளை. ஆனால் பொய் சொல்லிவிட்ட பிறகும் கடைப்பிடிக்க முடிகிற கட்டளை.

*

இனி என் கதை.

எங்கள் ஊரில் ஒரு வாசகசாலை. சில வருடங்களுக்கு முன் அதன் 75ஆம் ஆண்டு மலருக்கு என்னைத் தொகுக்கச் சொன்னார்கள். வாசலில் மாலை போட்ட படம் ஒருவருடையது; ஊரில் பெரிய வீடு. நிறுவனர் அவர்தான் என்று கேட்டே வளர்ந்தேன். பழைய தீர்மான நோட்டைப் புரட்டியபோது முதல் மூன்று வருடக் கூட்டங்கள் ஒரு தையல்காரரின் திண்ணையில் நடந்திருந்தன. முதல் அலமாரி அவர் கொடுத்தது. முதல் புத்தகங்களும் அவர் வசூல் பண்ணியது. பெரிய வீட்டுக்காரரின் பெயர் நான்காம் வருடம்தான் வருகிறது, கட்டடத்துக்கு இடம் கொடுத்தபோது.

குழுவில் இருந்த பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, அதெல்லாம் பழசுல்லா. இப்ப எதுக்குக் கெளறணும்? மலர் செலவு பூரா அவிய வீட்டுலதான குடுக்காவ."

"இல்ல அண்ணாச்சி, நோட்டுல இருக்கே..."

"நோட்டுல இருக்கட்டும். நீ பொய்யா எழுதுன்னு நான் சொன்னனா?"

சொல்லவில்லை. நானும் பொய் எழுதவில்லை. 'இன்னாரின் இடத்தில், ஆர்வலர்கள் பலரின் துணையோடு எழுந்த வாசகசாலை' என்று எழுதினேன். ஆர்வலர்கள் பலர். ஒவ்வொரு சொல்லும் சரி. அதனால்தான் அந்த 'திறன் கொண்ட' எழுதியவரை எனக்குத் தெரியும் என்றேன்.

என்னிடம் யாரும் ஒப்பந்தம் எழுதி வாங்கவில்லை. மேடையில் ஒரு சால்வை போர்த்தினார்கள், அவ்வளவுதான். ஸ்மித்சோனியனுக்காவது ஒரு விமானம் கிடைத்தது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது அண்ணாச்சிக்கு போன் போட்டேன். நோட்டை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றேன்.

"அதா? போன வருசம் வெள்ளையடிக்கையில பழைய பேப்பர் எல்லாம் போட்டாச்சே தம்பி. கரையான் வேற. உனக்கு ஏதும் வேணுமா?"

குரலில் கள்ளம் எதுவும் இல்லை. உண்மையாகவே அது அவருக்குப் பழைய பேப்பர்.

என் போனில் மூன்று பக்கங்களின் படம் இருக்கிறது. நோட்டில் எண்பது பக்கமாவது இருந்திருக்கும். அன்றைக்கு ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் முழுவதையும் எடுத்திருப்பேன். எழுதப்போவதில்லை என்று முடிவானபின் எதற்கு என்று நிறுத்திவிட்டேன். மலரில் பெயரை விட்டது ஒரு தப்பு. அதை என்றைக்காவது திருத்தியிருக்கலாம், நோட்டு இருந்திருந்தால். கேமராவை மூடி வைத்ததைத் திருத்த வழியில்லை.

மூன்று பக்கங்களையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். தையல்காரரின் பெயர், கூட்டம் நடந்த தேதிகள், நோட்டு என்ன ஆனது, மலரில் நான் என்ன செய்தேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் ஒரு கவரில் வைத்துப் போன ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் கொடுத்தேன். அண்ணாச்சி பிரித்துப் பார்க்கவில்லை. "அலமாரில வச்சுட்டுப் போ" என்றார்.

வைத்தேன். எந்த அலமாரி என்று கேட்டுக்கொண்டுதான் வைத்தேன். இடப்பக்கம், மேல்தட்டு. பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.