முதிய நாயும் பிராரப்த கர்மமும்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாசலைக் காத்து, வீட்டுக் குழந்தைகளோடு தானும் ஒன்றாய் வளர்ந்து, இப்போது பின்னங்கால் தளர்ந்து திண்ணையோரத்தில் கிடக்கும் நாயைப் பார்த்து, "அது அதன் பிராரப்தம், அனுபவித்துத் தீர்க்கட்டும்" என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். வினைப்பயனை அனுபவித்தே கழிக்க வேண்டும் என்னும் சித்தாந்தத்தில் ஆழ்ந்த நம்பிக்கையுடையவர்களாதலால், மருந்தும் ஊசியுமாய் நாம் இடையே புகுவது ஓர் ஆன்மாவின் கணக்கைக் குழப்புவதாகும் என்று மெய்யாகவே அஞ்சுகிறார்கள். ஆயினும் தமக்கோ தம் மக்களுக்கோ ஜுரம் கண்டால் வைத்தியரை நாடுவதை அவர்கள் தர்ம விரோதமாகக் கருதுவதில்லை. வைத்தியர் கிடைப்பதும் மருந்து பலிப்பதும்கூட அதே வினைக்கணக்கில் அடங்கியவையே என்று அப்போது தெளிவாகக் காண்கிறார்கள். அந்தத் தெளிவு நாயின் விஷயத்தில் மட்டும் ஏன் மறைய வேண்டும்? நோயுற்ற ஜீவன் வேறெங்குமின்றி நம் வாசலில் வந்து கிடப்பதும், அதன் துன்பத்தைக் காணும் கண்ணும் தணிக்கும் பொருளும் நமக்கு வாய்த்திருப்பதும் கர்மத்திற்குப் புறம்பான தற்செயல்கள் என்று கொள்வதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் ஆதாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கர்மத்தை ஒப்புக்கொண்டவர்கள் அனைவருமே பிராணிகளின் நோயைப் புறக்கணித்தார்கள் என்பதும் இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி கிர்நார் முதலிய இடங்களில் பாறைமேல் பொறித்த சாசனங்களுள் இரண்டாவது, மனிதருக்கு ஒன்றும் விலங்குகளுக்கு ஒன்றுமாக இருவகைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ததையும், மூலிகை இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுவந்து நடுவித்ததையும் கூறுகிறது. தன் ஆட்சிக்கு அப்பாற்பட்ட சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளையும் தாமிரபர்ணி எனப்பட்ட இலங்கையையும் அந்த ஏற்பாட்டில் சேர்த்துப் பெயர் சொல்கிறது. வினைக் கொள்கையை முழுமனத்தோடு ஏற்ற பௌத்த சமயத்தைத் தழுவிய அரசன், வினையைக் காரணம் காட்டி ஒரு விலங்கையும் மருந்தின்றி விடவில்லை.

எனினும் கருணை ஒன்றே போதும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். உத்தரகாண்டத்தோடு சேர்த்து வழங்கும் ஒரு கதையில், குற்றமின்றி அடிபட்ட நாயொன்று இராமனுடைய சபைக்கே சென்று தன் வழக்கைத் தானே எடுத்துரைத்து நியாயம் கேட்கிறது. நம் வீட்டு நாய்க்கு அந்த வாக்கு அருளப்படவில்லை. போதாததற்கு, வலியை வெளிக்காட்டாதிருப்பதும் அதன் இயல்பாக அமைந்திருக்கிறது. மூட்டுத் தேய்ந்த நாய் பெரும்பாலும் ஓலமிடுவதில்லை. படியருகே வந்து தயங்கும். காலையில் எழுந்தவுடன் சில அடிகள் விறைத்து நடந்து பின்பு சற்று இலகுவாகும். ஒரே மூட்டை ஓயாமல் நக்கும். தொடைச் சதை நாளுக்கு நாள் வற்றும். என்றும் சீறாதது இடுப்பைத் தொட்டால் சீறும். இத்தனையையும் கண்ணால் கண்டுவிட்டு, 'வயதாகிவிட்டது' என்ற ஒரு வார்த்தையில் நாம் அனைத்தையும் மூடிவிடுகிறோம். அந்த வார்த்தையின் கீழ், தணிக்கத்தக்க நோய்கள் பல தணிக்கப்படாமலே கிடக்கின்றன. கொல்லாமையை விரதமாகக் கொண்ட உத்தமர்கள்கூட அறியாமையால் இழைக்கும் ஹிம்சையைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. முதிய நாயைப் பொறுத்தவரை, நல்லவர்கள் வீட்டில் நேரும் ஹிம்சை பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்ததே என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய ஹிம்சைக்கு அன்பே காரணமாகிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. நாய் நொண்டுவதைக் காணப் பொறாமல், தமக்குத் தலைவலிக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரையை உடைத்துச் சோற்றில் பிசைந்து வைப்பவர்கள் எத்தனையோ பேர். மனிதன் சாதாரணமாக உட்கொள்ளும் இபுபுரூஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசியச் செய்து சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யக் கூடியது. பாரசிட்டமால் அளவு மிகுந்தால் அதன் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். நாய்களுக்கு ஏற்ற கார்புரோஃபென், மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் ரத்தப் பரிசோதனையால் ஈரலும் சிறுநீரகமும் எந்நிலையில் உள்ளன என்று அறிந்த பிறகே கால்நடை மருத்துவர் அளந்து கொடுப்பார். மருந்துக்கு முன்பே செய்யத்தக்கது வேறு உண்டு. வழவழப்பான தரையில் கால் வழுக்கி வழுக்கியே பாதி வலியைப் பெறும் நாய்க்கு, அது நடக்கும் தடத்தில் பழைய ஜமக்காளத்தையோ சாக்கையோ விரித்து வைப்பதும், தடித்த படுக்கை அமைப்பதும், ஒரே நீண்ட நடைக்குப் பதில் காலையும் மாலையும் சிறிது தூரம் மெல்ல அழைத்துச் செல்வதும் எந்த வீட்டிலும் இயலாதவை அல்ல.

தண்ணீர் விஷயத்தில் நேரும் தவறு அந்த மாத்திரைத் தவறைவிடக் கொடியது. வயதான நாய் திடீரென்று மிகுதியாகத் தண்ணீர் குடித்து, இரவில் கூடத்தை நனைக்கத் தொடங்குகிறது. வீட்டார் அதைத் துஷ்டத்தனம் என்று கடிந்து, மாலையானதும் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மறைக்கிறார்கள். சிறுநீரகம் பழுதுற்ற நாய் நீரைத் தன்னுள் நிறுத்திக்கொள்ளும் ஆற்றலை இழந்துவிடுவதால்தான் அவ்வளவு குடிக்கிறது; சிறுநீரகத்தின் பெரும்பகுதி அழிந்த பின்னரே இந்த அடையாளம் வெளிப்படுவதால், கிண்ணத்தை மறைக்கும் அந்தக் கை, எஞ்சியிருக்கும் சிறு பகுதியையும் வாட்டிவிடுகிறது. நீரிழிவிலும் இதே தாகம் காணும். கருத்தடை செய்யாத முதிய பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டினாலும் இதே தாகம் காணும். அது ஓரிரு நாள் தாமதத்தையும் பொறுக்காத நோய். வீட்டில் குற்றம் என்று எண்ணப்படுவது வைத்தியசாலையில் நோயின் குறியாகத் தெரிகிறது.

இருதய வால்வு தளர்ந்த நாயின் இருமலும் இவ்வாறே சளியென்று கருதி விடப்படுகிறது. பொமரேனியன் போன்ற சிறு ஜாதி நாய்களிடம் இது மிகுதி. அயர்ந்து தூங்கும்போது அதன் மார்பு ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என்று எண்ணிப் பார்த்து, அது வழக்கமாக 30-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பது எவரும் கற்றுக்கொள்ளத்தக்க விதி. தூங்கும் நாயருகே ஒரு நிமிஷம் அசையாமல் அமர்ந்து அதன் சுவாசத்தை எண்ணுவதைத் தியானத்தின் வரிசையில் வைத்து மதிக்க எனக்குத் தயக்கமில்லை.

தொல்காப்பியத்து மரபியல் விலங்குகளை ஐயறிவுடைய உயிர்கள் என்று வகுத்தது. முதுமையில் அந்த ஐந்தும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. கண்ணில் நீலம் பாய்ந்தாற்போல் தோன்றும் மங்கல் பலவேளை விழிவில்லை முதிர்ந்து இறுகுவதால் வருவது. அது பார்வையை அதிகம் கெடுப்பதில்லை. பார்வையைப் பறிக்கும் புரை வேறு. இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர் வேலை. செவி மந்தமான நாய் கூப்பிட்டும் வராதபோது அதைப் பிடிவாதம் என்று அடிப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் மோப்பமும் ஸ்பரிசமுமே நெடுங்காலம் நிற்கின்றன. ஆகவே குருட்டு நாய் இருக்கும் வீட்டில் கட்டிலையும் நாற்காலியையும் இடம் மாற்றாதிருப்பதும், செவிடான நாயைத் தூக்கத்தில் திடுக்கிடத் தொடாமல் முதலில் கையை அதன் மூக்கருகே நீட்டுவதும், எஞ்சிய புலன்களின் வழியே அதன் உலகத்தைச் சிதையாமல் காக்கும் செயல்கள்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாம் அன்பை அளவின்றிப் பரிமாறும் ஜாதியார். வயதான நாய்க்கு இனி என்ன சுகம் இருக்கிறது என்று இரங்கி, நெய்ச்சோறும் பிஸ்கோத்தும் பாயசமும் வைத்து, ஏற்கெனவே நொந்த மூட்டுகளின்மேல் சுமையை ஏற்றிவிடுகிறோம். 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவளித்து ஆயுள் முழுதும் கவனித்தபோது, குறைவாக உண்டவை சராசரியாக 1.8 ஆண்டு அதிகம் வாழ்ந்ததோடு, மூட்டுவாதத்திற்குச் சிகிச்சை தேவைப்படும் காலமும் அவற்றுக்குப் பின்தள்ளிப் போயிற்று. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை அளவறிந்து உண்பதற்கே ஒதுக்கியதன் நியாயம் நாய்க்கும் பொருந்துகிறது.

இதுவரை கூறியவை சரீரத்தின் நோய்கள். எல்லாவற்றிலும் என்னை அதிகமாகச் சிந்திக்க வைப்பது சித்தத்தின் தளர்ச்சி. சில முதிய நாய்கள் இரவெல்லாம் உறங்காமல் உலவுகின்றன. சுவர் மூலையில் முகத்தை வைத்து நின்று திரும்பத் தெரியாமல் திகைக்கின்றன. பழகிய கதவின் கீல் பக்கத்தில் போய் நின்று அது திறக்குமென்று காத்திருக்கின்றன. இறுதியில் தம்மை வளர்த்தவரையே அறியாமல் விலகுகின்றன. மறதி நோயுற்ற மனிதரின் மூளையில் படியும் அமிலாய்டு என்னும் புரதமே இந்த நாய்களின் மூளையிலும் படிகிறது. இந்த நிலையில் எழும் கேள்வி நுட்பமானது. காவலும் போய், விளையாட்டும் போய், நம்மைக் கண்டு வாலாட்டும் அன்பும் போய்விட்ட பிறகு, நம்மையே அறியாத ஒரு ஜீவனிடம் நமக்குள்ள கடமை எதன்மேல் நிற்கிறது? ஜெர்மானியத் தத்துவ ஞானி கான்ட், நெடுநாள் உழைத்த நாயை முதுமையில் காப்பாற்றுவது தக்கதே என்று ஒப்பினார். ஆனால் அந்தக் கடமை உண்மையில் மனித குலத்திற்கே உரியது என்றும், நாயிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பதே அதன் காரணம் என்றும் கருதினார். அப்பெரியாரின் மேதையை வணங்கிக்கொண்டே இதை நான் மறுக்கிறேன். இடுப்பு மூட்டில் வலி இருப்பது நாயினிடத்தில்; அதை நீக்குவதற்கான காரணமும் அங்கேயே இருக்க வேண்டும்.

மகாபாரதத்து மகாப்பிரஸ்தானிக பருவத்தில் யுதிஷ்டிரன் கூறும் ஒரு வாதம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஹஸ்தினாபுரத்திலிருந்து பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறும்படி இந்திரன் சொல்கிறான். திரௌபதியையும் தம்பியரையும் வழியில் விட்டுவந்த நீ, ஒரு நாயை விடத் தயங்குவானேன் என்றும் கேட்கிறான். அதற்கு யுதிஷ்டிரன், அவர்கள் இறந்த பின்பே விட்டேன், உயிருடன் இருக்கையில் விடவில்லை, இறந்தவரை மீட்பது என்னால் ஆகாதது, அடைந்தவனை உயிருடன் கைவிடுவது மகாபாவம் என்று பதிலுரைக்கிறான். அந்த நாய் தனக்கு என்ன உபகாரம் செய்தது என்று அவன் கணக்குக் கூறவில்லை. அது தன்னை அறிந்திருக்கிறதா என்றும் கேட்கவில்லை. உயிர் இருக்கிறது, தன்னை அடைந்திருக்கிறது என்னும் இரண்டே அவனுக்குப் போதுமானவையாயின. நினைவிழந்த நாயும் உயிரோடு நம்மை அடைந்ததாகவே இருக்கிறது.

இனி, நோய் நம் கையை மீறும் கட்டத்தைப் பேசாமல் விட இயலாது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஊனமுற்றுத் துடித்த கன்றொன்றைப் பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் கைவிட்டபோது, காந்தியடிகள் ஆசிரமவாசிகளைக் கலந்து, விஷ ஊசியால் அதன் உயிரை முடிக்கச் செய்தார். எழுந்த கண்டனம் சிறிதன்று. உண்டாக்க முடியாத உயிரை அழிக்க நமக்கு அதிகாரமில்லை என்பது அவருக்கு முன்வைக்கப்பட்ட வாதம். குஜராத்தின் பாஞ்சராபோல்களில் முதிய, நோயுற்ற விலங்குகளை இயற்கையான மரணம் வரும்வரை வைத்துக் காக்கும் ஜைனப் பெருமக்களின் தர்மமும் அதுவே. சேவை செய்ய வேறு வழி ஏதும் இல்லாத நிலை, வலி தாங்கவொண்ணாத நிலை, குணமடையும் நம்பிக்கை அற்ற நிலை ஆகியவை கூடியபோது உயிரை முடிப்பதில் ஹிம்சை இல்லை என்று அவர் விடையளித்தார். அதே நிலையில் மனிதன் இருந்தாலும் அதே நியதிதான் என்றும் சொல்லத் தயங்கவில்லை.

நான் காந்தியடிகளின் பக்கம் நிற்கிறேன். ஆனால் சேவைக்கு வழியில்லை என்று அவர் விதித்த நிபந்தனையின் முழுக் கனத்தோடு நிற்கிறேன். மூட்டுவலிக்கு ஒருநாளும் மருந்து காணாத நாயை, பல்லெல்லாம் சீழ் பிடித்ததால் உண்ண மறுக்கும் நாயை, நடக்கவில்லை, உண்ணவில்லை என்ற காரணத்தால் கருணையின் பேரில் முடித்துவிடுவது, செய்யத்தக்க சேவையைச் செய்யாமலே வழியில்லை என்று கூறுவதாகும். மறுபுறம், புற்று நுரையீரலில் பரவி மூச்சுக்குத் திணறுவதை, அல்லது சிறுநீரகம் முற்றும் ஓய்ந்து நாட்கணக்காக வாந்தியெடுத்துக் கிடப்பதை, பாவத்திற்கு அஞ்சி நீட்டிக்கொண்டே போவது நம் அச்சத்தின் விலையை அதன் உடலால் செலுத்தச் செய்வதாகும். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அறிய, அது உண்கிறதா, தானாக எழுகிறதா, வலியின்றித் தூங்குகிறதா, நல்ல நாட்கள் கெட்ட நாட்களைவிட மிகுந்திருக்கின்றனவா என்று நாள்தோறும் குறித்துவைத்து மருத்துவரோடு கலந்து பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி. உயிரை உண்டாக்க முடியாதவர் அழிக்கலாகாது என்ற ஆட்சேபம் அதனால் முற்றும் வீழ்ந்துவிட்டதாக நான் கருதவில்லை. முடிவு செய்பவர் அந்த ஆட்சேபத்தையும் தம் மனத்தில் ஏற்றுக்கொண்டே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த முடிவு வந்தால், பெரும்பாலும் மருத்துவர் முதலில் மயக்க மருந்து கொடுத்து, நாய் நினைவிழந்த பிறகு மிகுதியான மயக்க மருந்தை ரத்த நாளத்தில் செலுத்துவார். இருதயம் நிற்பது அதன் பின்னரே. வளர்த்தவர் பார்க்கப் பொறாமல் வெளியே போய் நிற்பதை நான் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களுடைய துக்கத்தை மதிக்கிறேன். எனினும் மோப்பமும் ஸ்பரிசமும் எஞ்சியிருக்கும் ஜீவன், தனக்குப் பழகிய கையை அந்நேரத்திலும் தேடக்கூடும். யுதிஷ்டிரன் வகுத்த வரம்பு உயிர் நிற்கும் கணம் வரை நீள்வதாதலால், அந்த அறையிலிருந்து முன்னதாக வெளியேற நமக்கு உரிமை இருப்பதாக என்னால் ஒப்ப முடியவில்லை.