தாய்மையும் மறைசாட்சியமும்

திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில், இறுதிப் பகுதியில், ஏழு பெண்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன: பெலிசித்தா, பெர்பேத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசிலியா, அனஸ்தாசியா. திருப்பலி நூலில் இவை அடைப்புக்குறிக்குள் இருப்பதால் குரு இவற்றை விட்டுவிடவும் இசைவு உண்டு. முதலிரு பெயர்களில் அடிமையின் பெயர் முன்னும் உயர்குடிப் பெண்ணின் பெயர் பின்னும் நிற்பது நம் கவனத்திற்கு உரியது. உரோமைச் சமுதாயத்தில் வேறெங்கும் இவ்வரிசை அமைந்திராது.

கி.பி. 203ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர அரங்கில் இவ்விருவரும் உயிர் நீத்தனர். பெர்பேத்துவா கல்வி கற்றவர். வயது ஏறத்தாழ 22. பால்குடி மறவாத ஆண் குழந்தைக்குத் தாய். பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி. திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையில் கைதானவர்கள் இவர்கள். சிறையில் பெர்பேத்துவா எழுதிய குறிப்புகள் அழியாமல் நம்மை வந்தடைந்துள்ளன. கிறிஸ்தவப் பெண்கள் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழமையானவற்றில் அதுவும் ஒன்று.

இங்கே எழும் ஒரு கேள்வியை நாம் மூடி மறைத்தல் தகாது. பேரரசரின் நலனுக்காகப் பலி செலுத்த இசைந்தால் வீடு திரும்பலாம். குழந்தையைக் கையில் ஏந்தி வந்து தந்தை கெஞ்சுகிறார். ஆளுநரும் வற்புறுத்துகிறார். மகளோ மறுக்கிறார். இதைப் புனிதம் என்பதா, கடின நெஞ்சம் என்பதா? தாய்மார் எவரும் எழுப்பக்கூடிய ஐயம் இது, நேர்மையான ஐயம்.

பெர்பேத்துவாவின் குறிப்புகளைப் படிப்போர் கடின நெஞ்சம் என்று சொல்லத் துணியார். சிறையின் இருளோடு குழந்தையைப் பற்றிய கவலையும் தம்மை வாட்டியதாக அவர் எழுதுகிறார். திருத்தொண்டர் இருவர் காவலருக்குப் பணம் கொடுத்து அவருக்குச் சற்று நல்ல இடம் பெற்றுத் தந்தனர். அங்கே பசியால் வாடிய குழந்தைக்குப் பாலூட்டினார். பின்னர் குழந்தையைத் தம்முடன் வைத்துக்கொள்ள இசைவு கிடைத்தபோது சிறையே மாளிகை போலாயிற்று என்கிறார். ஆயினும், ஒரு குடத்தைக் குடம் என்றல்லாமல் வேறு பெயரால் அழைக்க இயலாததுபோல் தம்மையும் கிறிஸ்தவள் என்றல்லாமல் வேறொன்றாகக் கூற இயலாது என்பதே தந்தைக்கு அவர் தந்த விடை. பொய்யுரைத்து மீளும் தாய் குழந்தைக்கு எதை ஊட்டுவார் என்று நாமும் வாதாடலாம். ஆனால் அந்த விடை முழுமையாக நிறைவளிப்பதில்லை. பசித்த குழந்தைக்குத் தேவை பால், வாதம் அன்று.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மறைசாட்சியரான பெண்களைக் காட்டி, வீட்டில் அடியும் வசையும் பெறும் பெண்ணிடம் பொறுத்துக்கொள் என்று அறிவுரை கூறுவோர் உண்டு. அது இவ்வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும். குடும்பத்தில் எல்லா அதிகாரமும் தந்தைக்கே இருந்த காலத்தில் அத்தந்தையின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசியவர் பெர்பேத்துவா.

எஞ்சிய விடை பெலிசித்தாவின் வரலாற்றில் இருக்கிறது. கர்ப்பிணியைக் கொல்ல உரோமைச் சட்டம் இடம் தராது. உடன் சிறைப்பட்டோரைப் பிரிந்து, பின்னொரு நாளில் குற்றவாளிகளோடு சாக நேருமோ என அவர் வருந்தினார். தோழர்கள் அவருக்காக மன்றாடினர். பேறுகால வலி உடனே வந்தது. பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையைச் சபைச் சகோதரி ஒருவர் தம் மகளாகவே வளர்த்தார் என்று பழைய வரலாறு ஒரே தொடரில் கூறி முடிக்கிறது.

அத்தொடரில்தான் நம் மனம் நின்றுவிடுகிறது. தாயின் உறுதியைப் போற்றுவது எளிது. அந்த உறுதியின் விலையை இன்னொருத்தி இரவு விழித்தும் சோறு ஊட்டியும் ஆண்டுக்கணக்கில் செலுத்தினாள். அத்தகைய சபை இல்லையேல் பெலிசித்தாவின் சாட்சியத்தை நாம் இவ்வளவு அமைதியாக வாசித்திருக்க மாட்டோம். கையூட்டு வாங்க மறுத்து வேலை இழந்தவரைப் பங்கு விழா மேடையில் பாராட்டுகிறோம். அவர் வீட்டில் அடுத்த மாதம் அடுப்பு எரிகிறதா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் செலுத்துகிறார் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? கேட்காதவர்களுக்கு அவரைப் பாராட்டும் உரிமை உண்டா என்பது நமக்கு ஐயமே.

பெர்பேத்துவா, பெலிசித்தா ஆகியோரின் நினைவு மார்ச் 7ஆம் நாள். பெரும்பாலான ஆண்டுகளில் அது தவக்காலத்தில் வருவதால் வழிபாட்டில் சுருக்கமாகவே இடம்பெறுகிறது. குழந்தையை வளர்த்த சகோதரியின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவில், அவரையும் சேர்த்தே நாம் நினைவுகூர்கிறோம்.