யார் வழியில் வந்தது?

ஏர்வாடி தர்காவுக்குப் போகும் தெருவில் எங்களுக்கு நான்கு அறைகள் உண்டு, வாடகைக்கு விடுகிறோம். மனநோய் தீர வேண்டி தர்காவுக்கு வருகிறவர்கள் சாவி வாங்குவதற்குள் கதையைச் சொல்லிவிடுவார்கள். மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நாத்தனார் செய்வினை வைத்துவிட்டாள் என்பார்கள். என்ன நோய் என்று பேச்சு போகவே போகாது. யார் வைத்தது என்பதிலேயே சுற்றும்.

அந்தக் கேள்வி ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் வந்தது. தம்பிக்கு அப்போது 19 வயது. கையெழுத்து கோணியது. டீ கிளாஸ் கையில் நிற்கவில்லை, வாயோரம் எச்சில் வழிந்தது. சாதுவான பையன் தட்டைத் தூக்கி எறிந்தான். உம்மா தர்காவில் அடங்கியிருக்கும் பாதுஷா நாயகத்துக்கு நேர்ந்துகொண்டு தர்கா எண்ணெயை அவன் கைகளில் தேய்த்துவிட்டார். நான் அவனை மதுரைக்குக் கூட்டிப்போனேன். நரம்பியல் மருத்துவர் கண்ணைக் கருவியில் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம் தெரிந்தது. படிந்திருந்தது தாமிரம்.

1912இல் கின்னியர் வில்சன் என்ற லண்டன் மருத்துவர் விவரித்த நோய் இது. சாப்பாட்டில் வரும் தாமிரத்தில் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரில் கழித்துவிட வேண்டும். அதற்கான மரபணு பழுதானால் தாமிரம் கல்லீரலிலும் மூளையிலும் தங்கிவிடும்; பார்ப்பவர்களுக்குப் புத்தி பேதலித்தது போலவும் தோன்றலாம். 1956இல் ஜான் வால்ஷ் பெனிசிலமைன் இதற்கு மருந்தாகும் என்று கண்டறிந்த பிறகு, நேரத்தோடு பிடித்தால் பிழைக்கலாம் என்றானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இந்த ஊரில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்துச் சங்கிலியோடு கருகிப்போன 28 பேரில் ஒருவருக்காவது என் தம்பியின் நோய் இருந்திருக்குமோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

வாப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “எங்க வமிசத்துல யாருக்குமே கிடையாதே டாக்டர்!” என்றார். இது அப்படித்தான் வரும் என்றார் மருத்துவர். மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் பழுது இருந்தால் ஆளுக்கு ஒன்றும் செய்யாது. எத்தனையோ தலைமுறை சத்தமில்லாமல் இறங்கும். தாய், தகப்பன் இருவரிடமும் அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும். உம்மா, வாப்பாவுக்கு மாமி மகள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 கல்யாணம் சொந்தத்தில்தான் நடக்கிறது என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு.

அன்று இரவே வீட்டில் வழக்கு ஆரம்பித்தது. உங்க பக்கம், இல்லை உங்க பக்கம் என்று மவுத்தாகிப்போன பாட்டன் பாட்டிகளையெல்லாம் இழுத்து வந்து நிறுத்தினார்கள். வாடகைக்கு வருகிறவர்கள் நாத்தனாரைத் தேடுகிறார்கள், நாங்கள் பாட்டனைத் தேடினோம். வேறென்ன வித்தியாசம்?

ஸஹீஹ் புகாரியில் ஒரு சம்பவம் உண்டு. தன் மனைவி கறுப்பாக ஒரு பிள்ளை பெற்றிருப்பதாக, மனதில் சந்தேகத்தோடு ஒரு நாட்டுப்புறத்து அரபி நபிகள் நாயகத்திடம் (ஸல்) வருகிறார். நாயகம் அவருடைய ஒட்டகங்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவை சிவப்பு, நடுவே சாம்பல் நிறமும் உண்டு. அது எப்படி வந்தது என்று கேட்க, பழைய வழி ஏதாவது இழுத்திருக்கும் என்கிறார் அவர். உன் பிள்ளையும் அப்படி இருக்கலாமே என்று முடித்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வமிசவழியை நாயகம் அங்கே எடுத்துச் சொன்னது ஒரு பெண்ணின் மீதிருந்த பழியை இறக்குவதற்கு. அதே அறிவை வைத்து நாங்கள் பழி ஏற்றிக்கொண்டிருந்தோம்.

என் பயம் வேறு. தம்பிக்கு வந்தது எனக்குள்ளும் இருக்கலாம். பேனா பிடித்தால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்படுவது ஈமான் குறைவு என்றார் தெரிந்த ஆலிம் ஒருவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. சோதனையும் மருந்தும் இருக்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொள்வதற்குத் தவக்குல் (இறைவனைச் சார்ந்திருத்தல்) என்று பெயர் வைக்க முடியாது. ரத்தமும், 24 மணி நேரச் சிறுநீரும் கொடுத்தேன். நோய் இல்லை. பழுதான பிரதி ஒன்று என்னிடம் ஒளிந்திருப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அதற்கு அப்பால் உள்ள பயத்துக்குக் கரை கிடையாது. பெற்றோரிடம் இல்லாத புது மாற்றங்களே ஒவ்வொரு பிள்ளைக்கும் சுமார் 60, 70 வரை இருக்கும். சுத்தமான வமிசம் என்று ஒன்று துனியாவில் இல்லை. அத்தனையையும் துருவிப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாக இருப்பேன் என்றால், அல்லாஹ் தன்னிடம் வைத்துக்கொண்ட மறைவான அறிவை நான் கேட்கிறேன் என்று அர்த்தம்.

தம்பி இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். நண்டு, கணவாய், ஈரல் எல்லாம் விலக்கு. வேளை தவறாமல் வெறும் வயிற்றில் மாத்திரை. நோன்பு வைக்க முடியாது, அதற்கு ஈடாக ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கிறான். அதில் அவனுக்கு வருத்தம்தான்.

என் மகளுக்குச் சொந்தத்தில் வரன் பேசுகிறார்கள். நான் மறுக்கவில்லை. இரண்டு பேருக்கும் மரபணுச் சோதனை செய்துவிட்டுப் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். முடிவு எப்படி வந்தாலும், எந்தப் பக்கம் என்ற பேச்சு என் வீட்டில் எடுபடாது என்பதையும் சேர்த்துத்தான்.